லிக்விடேட்டர் யாருடைய ஆள்?

"அண்ணே, நீங்களும் தமிழ்தான், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க." கடனில் மூழ்கிய நிறுவனத்தை மூடி, மிஞ்சியதைப் பணம் வர வேண்டியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் லிக்விடேட்டர் நான். நம்மவர் நடத்திய நிறுவனம் ஒன்றை மூடும் பொறுப்பு என்னிடம் வந்தால், இப்படி ஒரு தொலைபேசி அழைப்பும் கூடவே வரும். சில சமயம் பேசுபவர் நிறுவனத்தின் இயக்குநர். சில சமயம், அந்த நிறுவனத்துக்குச் சரக்குக் கொடுத்துவிட்டுப் பணம் வராமல் தவிக்கும் சிங்கப்பூர்த் தேக்கா கடைக்காரர். இரண்டு பேருமே என்னைத் தங்கள் ஆளாக நினைத்துத்தான் பேசுகிறார்கள்.

இயக்குநர் அப்படி நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. பலமுறை அவர்தான் எங்களைத் தேடி வந்து வேலையைத் தருகிறார். ஆனால் பொறுப்பேற்றதும் நாங்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது அவருடைய கணக்கைத்தான். உதாரணத்துக்கு, ஒரு கேட்டரிங் நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர்களுக்குச் சம்பளம் பாக்கி, மத்திய சேமநிதியும் கட்டவில்லை. ஆனால் மூடுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் சொந்தத் தம்பியிடம் வாங்கிய கடன் மட்டும் முழுசாகத் திருப்பித் தரப்பட்டிருக்கிறது. குடும்பத்துக்குள் இது நியாயம். சட்டத்தின் கண்ணில், ஒரு கடன்காரரை, அதாவது நிறுவனத்திடமிருந்து பணம் வர வேண்டிய ஒருவரை, மற்றவர்களுக்கு முன்னால் தள்ளிவிட்ட காரியம். நெருங்கியவர்களுக்குப் போன பணம் என்றால் இரண்டு ஆண்டு, மற்றவர்களுக்குப் போனது என்றால் ஓர் ஆண்டு பின்னோக்கிப் பார்த்து, நீதிமன்றம் வழியாக அதைத் திரும்பக் கேட்க லிக்விடேட்டருக்கு வழி இருக்கிறது. வேலை தந்தவரின் தம்பிக்கே நான் கடிதம் போட வேண்டும்.

சிறிய அலுவலகம் நடத்துபவருக்கு இது லேசான காரியம் இல்லை. அடுத்த வேலையும் அதே வட்டத்திலிருந்துதான் வர வேண்டும். நான் மறுத்ததை அடுத்த கட்டடத்தில் இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு செய்து கொடுத்தால், என் நேர்மைக்கு நான் என் வருமானத்தை விலையாகக் கொடுத்தவன் ஆகிறேன். தொழில்துறைச் சங்கம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். முடியாது என்று சொல்வதற்கு ஆகும் செலவை அது குறைக்கிறது. முன்பு ஆலோசனை சொல்லிக் காசு வாங்கிய நிறுவனத்துக்கே லிக்விடேட்டராகப் போகலாமா, எந்த உறவை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், எப்போது ஒதுங்க வேண்டும் என்பதற்கெல்லாம் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஓர் அளவு வேண்டும். சந்தேகம் வந்தால் மூத்தவர் ஒருவரைக் கேட்க இடம் வேண்டும். பயிற்சி, கருத்தரங்கு, சட்ட வரைவுகளுக்குக் கருத்துச் சொல்வது எல்லாம் அப்புறம்தான்.

சிங்கப்பூரில் அப்படி ஒரு சங்கம் உண்டு. கடனைக் கட்ட முடியாமல் போகும் நிலையைத்தான் நொடிப்பு என்கிறோம். நொடிப்புத்துறை நிபுணர்கள் சங்கத்தைத் துறையில் சுருக்கமாக ஐபாஸ் என்போம். ஆனால் அதன் அதிகாரத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இங்கிலாந்தில் தொழில்துறை அமைப்புகளே உரிமம் தருகின்றன. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏதாவது ஒரு தொழில்முறை முகமையில் சேர்ந்தே ஆக வேண்டும். இங்கே உரிமம் அரசாங்கத்துடையது. 2020 ஜூலை 30 அன்று நொடிப்பு, மறுசீரமைப்பு, கலைப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதுவரை நிறுவனங்களுக்கு ஒரு சட்டம், தனிமனிதர் திவாலுக்கு இன்னொரு சட்டம் என்று பிரிந்து கிடந்தவை அதில் ஒன்று சேர்ந்தன. வழக்கறிஞர்களும் பொதுக் கணக்காளர்களும் பட்டயக் கணக்காளர்களும் சட்ட அமைச்சின்கீழ் உள்ள உரிம அதிகாரியிடம் விண்ணப்பித்து உரிமம் பெற வேண்டும். ஆக, ஒரு லிக்விடேட்டரை நீக்கச் சொல்லிச் சங்கத்துக்கு எழுதிப் பயனில்லை. நடத்தை பற்றிய புகார் உரிம அதிகாரியிடம் போக வேண்டும். ஆளை மாற்ற வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்கு.

அதிகமான கோபம் எங்கள் கட்டணத்தின் மேல்தான். மூழ்கிய நிறுவனத்தில் மிஞ்சிய பணத்திலிருந்து முதலில் கலைப்புச் செலவு கழிகிறது, அதற்குப் பிறகு சம்பளம், சேமநிதி, வரி. சாதாரணக் கடன்காரருக்கு அநேகமாகச் சில்லறைதான் மிஞ்சும். கோபம் நியாயமானது. ஆனால் நீதிமன்றம் மூடச் சொன்ன நிறுவனத்தில் அந்தத் தொகையை நாங்களாக எழுதிக்கொள்வதில்லை. கடன்காரர்களின் பிரதிநிதிக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அது இல்லையென்றால் கடன்காரர்கள் கூட்டம், அதுவும் இல்லையென்றால் நீதிமன்றம். கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பினால் வங்கியிலிருந்து ஆள் வருவார், காய்கறி போட்டவர் வரமாட்டார். வருகிறவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

ஊழியர்கள் நிலை இன்னும் மோசம். கட்டுமான நிறுவனம் ஒன்று மூடினால், பாக்கி இருப்பவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகள் நிறைய இருப்பார்கள். புரூஃப் ஆஃப் டெட் (கடன் சான்று) என்ற ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தால்தான் அவர்களுடைய பாக்கி கணக்கில் ஏறும். அந்தப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. இந்த இடத்தில் எங்கள் துறை மேல் எனக்குக் குறை உண்டு. எல்லை கடந்த நொடிப்பு வழக்குகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். மூடிய நிறுவனத்தில் உன் சம்பளத்தை எப்படிக் கேட்பது என்று தமிழிலும் வங்காளத்திலும் ஒரு பக்கம் எழுத நமக்கு நேரம் கிடைப்பதில்லை. 2018-இல் ஹைஃப்ளக்ஸ் என்ற தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிறுவனம் தடுமாறியபோது, பணம் போட்ட சிறு முதலீட்டாளர்கள் சுமார் 34,000 பேர். அவர்களுக்காகப் பேச முதலீட்டாளர் சங்கம் ஒன்று இருந்தது. சின்ன நிறுவனத்தின் கடன்காரருக்கு அப்படி யாரும் இல்லை. இதைத் துறைச் சங்கம் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. எல்லாச் சகாக்களும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள், சரி.

சங்கமும் உரிமமும் எட்டாத ஓர் இடம் இருக்கிறது. "உங்க கடனைப் பாதியாக் குறைச்சுத் தரேன், முன்பணம் மட்டும் கட்டுங்க" என்று வாட்ஸ்அப்பில் வருபவர்கள் எங்களில் ஒருவர் இல்லை. அவர்களிடம் போகும் முன் சில விவரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 15,000 வெள்ளிக் கடனிலிருந்தே ஒருவர்மேல் திவால் மனு போடலாம் என்றாலும், மனு வந்ததுமே எல்லாம் முடிந்துவிடாது. பிணையற்ற கடன் 150,000 வெள்ளிக்குள் இருந்து, நிலையான வருமானமும் இருந்தால், அதிகபட்சம் ஐந்து ஆண்டில் தவணையாகக் கட்டும் கடன் அடைப்புத் திட்டத்துக்கு நீதிமன்றம் அனுப்பிவைக்க வாய்ப்புண்டு. சேமநிதிப் பணத்தைக் கடன் கொடுத்தவர் தொட முடியாது. சிங்கப்பூர்க் குடிமகனின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. மனு வருவதற்கு முன்பே திணறுபவர்களுக்கு கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது.

நிறுவனம் நடத்துபவர் எங்களைப் பார்க்க வரும்போது ஒரு கேள்வியோடு வரலாம். "நாளைக்கு நீங்களே லிக்விடேட்டர் ஆனால், என்னிடம் எதையெல்லாம் கேட்பீர்கள்?" வங்கிக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருக்கிறாரா, உறவினருக்குப் பணம் போயிருக்கிறதா, சம்பளம் எத்தனை மாதம் பாக்கி என்று எதிரில் இருப்பவர் உடனே துருவ ஆரம்பித்தால் தொடர்ந்து பேசுங்கள். எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்தால், அவர் பெயர் சட்ட அமைச்சின் உரிமப் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். இருந்தாலும் இன்னொருவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.