காய்ச்சல் இறங்கிய பிறகு குழறும் பேச்சு

சென்னையில் எந்த டயாலிசிஸ் யூனிட் வாசலில் காத்திருந்தாலும் "யூரியா தலைக்கு ஏறிடுச்சு" என்ற பேச்சு காதில் விழும். கிட்னி நோயாளி உளறினால் பழி, கிட்னி வடிகட்டாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவான யூரியா மேல்தான். பல நேரம் அது சரிதான், ஆனால் சில நேரம் குற்றவாளி காய்ச்சலுக்குப் போட்ட ஊசியே.

செஃபிபைமை எடுத்துக்கொள்வோம். கடுமையான கிருமித் தொற்றுக்கு நரம்பு வழியாக ஏற்றும் ஆன்டிபயாடிக். உடம்புக்குள் போனதில் சுமார் 85 சதவீதம் அப்படியே சிறுநீரில் வெளியேற வேண்டும். நல்ல கிட்னி உள்ளவருக்கு ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 2 மணி நேரம் போதும். டயாலிசிஸில் இருப்பவருக்கோ 13 மணி நேரத்துக்கும் மேல். முதல் டோஸ் வடிவதற்குள் அடுத்தது ஏறினால் மருந்து சேர்ந்துகொண்டே போகும், மூளைக்குள்ளும் கசியும்.

மூளையில் காபா என்றொரு ரசாயனம் நரம்பு செல்களை அடக்கி வைக்கிறது. அது போய் ஒட்ட வேண்டிய இடத்தை இந்த மருந்து மறித்துக்கொள்ள, அடக்க ஆளில்லாத செல்கள் கண்டபடி மின்துடிப்பு விடுகின்றன. பென்சிலினை நேரடியாக மூளையில் பட வைத்தால் வலிப்பு வரும் என்பது 1940களிலேயே தெரிந்துவிட்டது, செஃபிபைமும் பீட்டா லாக்டம் என்ற அதே ஆன்டிபயாடிக் குடும்பம்தான்.

பெரும்பாலும் மருந்து தொடங்கி நான்கு நாள் வாக்கில் ஆரம்பிக்கும். கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் மணிக்கட்டு படக்கென்று தொய்ந்து விழும். பேனாவைக் காட்டிக் கேட்டால் பேனா என்பார், அடுத்து சாவியைக் காட்டினாலும் பேனாதான். சிலர் வெறித்துப் பார்த்தபடி கிடப்பார்கள்; கை கால் வெட்டாததால் அது வலிப்பு என்றே யாருக்கும் தோன்றாது, மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் இஇஜி எடுத்தால்தான் பிடிபடும். இந்த வகை வலிப்பைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012இல் தனியாக எச்சரித்தது.

சரி, பயந்துபோய் முதல் டோஸிலேயே கை வைக்கலாமா? கூடாது. ரத்தத்தில் கிருமி பரவிய நேரத்தில் அது இன்னும் ஆபத்து. முதல் டோஸை முழுசாகக் கொடுத்துவிட்டு, அடுத்தடுத்த டோஸ்களைத்தான் கிட்னியின் வேகத்துக்கு ஏற்பக் குறைக்கவோ தள்ளிப்போடவோ வேண்டும். கிட்னியின் வேகத்தைக் காட்டும் ரத்தக் கழிவான கிரியாட்டினின் திடீரென ஏறும் நாளில் பழைய கணக்கு செல்லாது என்பதுதான் வார்டில் எளிதாகத் தவறிப்போகிறது. அப்படியே வந்துவிட்டாலும், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடுவார்கள். அவசரமென்றால் டயாலிசிஸ் இருக்கிறது, 3 மணி நேர ஓட்டத்தில் உடம்பில் இருக்கும் மருந்தில் பாதிக்கு மேல் வெளியே வந்துவிடும்.