ஆள் கூடினால் குரல் குறைவது ஏன்?

"இணையக் குழுவில் 50 பேர் இருந்தபோது விவாதம் களைகட்டியது. 500 பேர் ஆனதும் நாலைந்து பேர்தான் பேசுகிறார்கள். ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஊர் கூடித் தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மன் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு விசையை அளந்தார்; முடிவுகள் 1913-இல் வெளியாயின. 8 பேர் சேர்ந்து இழுத்தபோது தலைக்குக் கிடைத்த விசை, தனியாக இழுத்ததில் ஏறக்குறையப் பாதிதான்.

மீதிப் பாதி எங்கே போனது? ஒரே நொடியில் சேர்ந்து இழுக்காததால் வீணானதா, கைகளே தளர்ந்தனவா? இதைப் பிரித்துக் காட்டிய சோதனை அத்தனை அழகானது. 1979-இல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற மூன்று உளவியலாளர்கள், கயிறு இழுப்பதற்குப் பதிலாகக் கத்தச் சொல்லி, மாணவர்களின் கண்ணைக் கட்டி, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கூட்டம் கத்தும் ஒலிப்பதிவை ஓடவிட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் கத்துகிறாரா என்பது யாருக்கும் தெரியாது. 6 பேரும் கத்துவதாக நம்பி ஒருவர் மட்டும் கத்துவார். ஒருவர் ஒலி இன்னொருவர் ஒலியைக் கெடுக்க வழியே இல்லை. அப்படியும் தனியாகக் கத்தும் அளவில் 74 சதவீதம்தான் வந்தது! நிஜமாகவே 6 பேர் கத்தியபோது தலைக்கு 36 சதவீதம். அதாவது, 26 சதவீதம் முழுக்க மனசு செய்த குறைப்பு. ஒவ்வொருவர் குரலும் தனியாகப் பதிவாகிறது என்று நம்பவைத்தபோது அந்தத் தளர்ச்சி மறைந்தது என்று 1981-இல் அதே மூவர் காட்டினார்கள்.

 

இனி உங்கள் குழு. "யாராவது சொல்லுங்களேன்" என்ற கேள்வி 500 பேருக்கும் பொது. ஆகவே யாருக்கும் உரியதல்ல. மாடித்தோட்டக் குழு என்றால் இப்படிக் கேளுங்கள்: "செல்வி அக்கா, போன வாரம் தக்காளிக்கு வேப்பெண்ணெய் தெளித்தீர்களே, லிட்டருக்கு எத்தனை மில்லி கலந்தீர்கள்?" பெயர் இருக்கிறது, அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் இருக்கிறது, ஒரே வரியில் பதில் சொல்லலாம். திரைப்படங்களுக்கு மதிப்பெண் இடும் மூவிலென்ஸ் தளத்தில் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது: உங்கள் பங்களிப்பு தனித்தன்மையானது என்று நினைவூட்டப்பட்டவர்கள் கூடுதலாகப் பங்களித்தார்கள். "முடிந்ததைச் செய்யுங்கள்" என்பதைவிடக் குறிப்பான எண் இலக்கும் நன்றாக வேலை செய்தது.

நிர்வாகியே முந்திக்கொண்டு முழு விடையையும் கொட்டிவிடக் கூடாது. பேச்சு அங்கேயே அடங்கிப்போகும்.

புதியவரின் முதல் பதிவில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஆறு இணைய விவாதக் குழுக்களை அலசி 2006-இல் ஜாய்ஸ், கிரௌட் என்ற ஆய்வாளர்கள் கண்டது இது: பதில் கிடைத்த புதியவர் மறுபடி எழுதும் வாய்ப்பு கூடுகிறது. பதில் கேள்வியைத் தீர்த்ததா, இனிமையாக இருந்ததா என்பதுகூட அதை மாற்றவில்லை. எனவே வாரத்துக்கு இருவரை முறை வைத்து அமர்த்துங்கள். விடை தெரியாவிட்டாலும், "எந்த ரகத் தக்காளி? தொட்டியா, பையா?" என்று அன்றைக்கே ஒரு வரி கேட்டு வைப்பது அவர்கள் பொறுப்பு.