போர்ட்ஃபோலியோன்னா கோப்புறை இல்லீங்க

"டீச்சர், இங்கிலீஷ் பாடத்துக்குக் கோப்புறை கேட்டிருக்காங்களாம், கறுப்பு வாங்கவா நீலம் வாங்கவா?"

போன வாரம் கோலாலம்பூர் செந்தூல்ல என்கிட்ட டியூஷன் படிக்கிற, இடைநிலைப்பள்ளி படிவம் 3 பையனோட அம்மா கேட்டது இது. இந்த வருஷத்துல இப்படிக் கேட்ட மூணாவது அம்மா அவங்க. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்த தமிழ் அறிவிப்புல "மாணவர்கள் ஆங்கில எழுத்துக் கோப்புறையைத் தயார் செய்ய வேண்டும்"னு போட்டிருந்துச்சு, அதைப் படிச்சுட்டு அவங்க ஃபோட்டோஸ்டேட் கடைக்குக் கிளம்பிட்டாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. தலையணை உறை, கடித உறை, கையுறைன்னு உறையில முடியிற எதுவா இருந்தாலும் அது கடையில காசு குடுத்து வாங்குற பொருள்தானே. இங்கிலீஷ்ல போர்ட்ஃபோலியோங்கிறதைத்தான் அறிவிப்புல கோப்புறைன்னு போட்டிருக்காங்க. பையன் மாசக்கணக்குல எழுதி, திருத்தி, அதுல நல்லதைப் பொறுக்கி எடுத்து, ஏன் இதை எடுத்தேன்னும் எழுதிக் குடுக்கவேண்டிய ஒரு வேலைன்னு அந்தச் சொல்லுல எங்கேயும் இல்ல.

போர்ட்ஃபோலியோங்கிற சொல்லோட பிறப்பைச் சுருக்கமா சொல்லிடுறேன். இத்தாலி மொழியில போர்த்தாஃபோலியோ. போர்த்தாரேன்னா சுமக்கிறது, ஃபோலியோன்னா தாளு, அதுக்கு மூலம் இலைங்கிற லத்தீன் சொல்லு. ஆக, உதிரித் தாளை வெச்சுத் தூக்கிட்டுப் போற பை. ஆங்கிலத்துக்கு 1700களோட தொடக்கத்துல வந்துச்சு. மந்திரி தன் துறைக் காகிதங்களை அதுல வெச்சுத் தூக்கிட்டுப் போனதால அவரோட பொறுப்புக்கே அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு, "இலாகா இல்லாத மந்திரி"ன்னு பழைய பேப்பர்ல படிச்சிருப்பீங்களே, அந்த இலாகா இதுதான். பங்கு வாங்குறவங்க தங்களோட மொத்த முதலீட்டையும் அப்படிச் சொல்ல ஆரம்பிச்சாங்க. ஓவியர்கள் ஆளுக்குக் காட்டறதுக்காக எடுத்து வெச்ச படங்களைச் சொன்னாங்க. எழுத்து வகுப்புக்குள்ள இது பெரிசா நுழைஞ்சது 1980கள்ல, அமெரிக்காவுல. ஸ்டோனி ப்ரூக் பல்கலைக்கழகத்துல பீட்டர் எல்போவும் பேட் பெலனாஃபும், ஒரே ஒரு பரீட்சைக் கட்டுரைய வெச்சுப் பாஸு ஃபெயிலு போடறதை விட்டுட்டு, மாணவர் எழுதித் திருத்தின சில கட்டுரைகளைச் சேர்த்துப் பார்க்கிற முறையக் கொண்டுவந்தாங்க. 1990கள்ல வெர்மான்ட், கென்டக்கி மாநிலங்கள் அதைப் பள்ளிக்கூடங்களுக்கு மாநிலம் முழுக்கவே எடுத்துட்டுப் போனாங்க.

இப்போ சண்டைக்கு வர்றேன். மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற தோழி ஒருத்தங்க எனக்கு இருக்காங்க, அவங்க கோப்புறை கட்சி. "மூலச் சொல்லே பைதானே, தாளைத் தூக்கற பை, கோப்பு வைக்கிற உறை, இதைவிடச் சரியா எப்படிச் சொல்ல முடியும்"ங்கிறாங்க. இதுதான் எனக்குப் பொறுக்கவே மாட்டேங்குது. ஒரு சொல்லு எங்க பிறந்துச்சுங்கிறதும் இப்போ என்ன சொல்லுதுங்கிறதும் ஒண்ணா? பை போய் முன்னூறு வருஷத்துல அதுக்குள்ள இருக்கிறதுக்குப் பேர் மாறிடுச்சு. முதலீட்டாளர்கிட்ட எந்தப் பையும் கிடையாது, எல்லாம் கைப்பேசியில இருக்கு, ஆனா போர்ட்ஃபோலியோ இருக்கு. அவருக்கு மட்டும் "முதலீட்டுத் தொகுப்பு"ன்னு அழகா எழுதத் தெரியுதுல்ல, அங்க யாரும் முதலீட்டுக் கோப்புறைன்னு எழுதறதில்லையே, பிள்ளைங்க கட்டுரைன்னு வந்தா மட்டும் ஏன் பைக்குத் திரும்பிப் போறீங்க? அதுவும் போக, கோப்புறைங்கிற சொல்லுக்குக் கம்ப்யூட்டர்ல ஏற்கனவே ஒரு வேலை இருக்கு, ஃபோல்டருக்கு அதைத்தான் போடறாங்க. ஒரே சொல்ல ரெண்டு இடத்துல கட்டிப்போட்டா படிக்கிறவங்களுக்குத்தான் குழப்பம்.

வேற சில பேர் உறைய விட்டுட்டு வெறும் "கோப்பு"ன்னு எழுதறாங்க. கோப்பு நல்ல தமிழ்ச் சொல்லு, கோத்தல்ல இருந்து வந்தது, ஊசியில நூலைக் கோக்கிறோம், பூவைக் கோக்கிறோம், தாளை ஓட்டை போட்டுக் கயித்துல கோத்தா கோப்பு. சொல்லு மேல எனக்குக் கோபமே இல்ல. ஆனா கோப்புல போடறதுக்கு யாரும் தேர்ந்தெடுக்கிறதில்ல, வந்தது எல்லாம் அதுக்குள்ள போகும். அந்தப் பையனும் அப்படித்தான் செஞ்சுட்டு வந்தான். ரிங் ஃபைல்ல ஜனவரியிலிருந்து எழுதின எல்லாத்தையும், கோடிட்ட இடத்தை நிரப்பற இலக்கணப் பயிற்சி உட்பட, தேதி வாரியா கோத்துட்டு வந்து நிக்கிறான். எதுவும் விட்டுப்போகலன்னு பெருமையா வேற சொன்னான். பாவம், அவனுக்குச் சொன்ன சொல்லுக்கு அவன் ரொம்பச் சரியா நடந்திருக்கான்.

ஒண்ணை ஒத்துக்கணும். இங்கிலீஷ் ஆசிரியர்களே ரெண்டு வகை போர்ட்ஃபோலியோ சொல்லுவாங்க, வருஷம் பூரா எழுதறதை எல்லாம் போட்டு வைக்கிறது ஒண்ணு, அதுலேர்ந்து பொறுக்கி எடுத்து மத்தவங்க பார்வைக்கு வைக்கிறது இன்னொண்ணு. முதல் வகைக்குக் கோப்புன்னு சொல்லுங்க, சண்டை இல்ல. மார்க்கு போடறதுக்கு வாங்குறது ரெண்டாவது.

அதுக்கு என்னோட சொல்லு தொகுப்பேடு. இது நான் உண்டாக்கினது இல்ல, சில ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கேன், ஆனா அறிவிப்பு எழுதறவங்க கைக்கு மட்டும் ஏனோ போய்ச் சேர மாட்டேங்குது. தொகுக்கிறதுன்னா வெறும்னே சேர்க்கிறது இல்ல. எட்டுத்தொகைய எடுத்துக்குங்க. 4 அடியிலிருந்து 8 அடி வரைக்கும் உள்ள பாட்டு குறுந்தொகைக்கு, 9லிருந்து 12 வரைக்கும் நற்றிணைக்கு, 13லிருந்து 31 வரைக்கும் அகநானூறுக்குன்னு அளவு வெச்சுப் பிரிச்சுத் தொகுத்திருக்காங்க. குறுந்தொகையத் தொகுத்தவர் பூரிக்கோன்னு பேரையும் சேர்த்து வெச்சிருக்காங்க, ஏன்னா தொகுத்தது ஒரு ஆளோட முடிவு, அந்த முடிவுக்கு அவர் பொறுப்பு. பிள்ளைங்ககிட்ட நாம கேக்கிறதும் அதே பொறுப்பைத்தான். அப்புறம் ஏடு. ஓலை நறுக்குக்கு ஏடுன்னு பேர், தாளுக்கும் ஏடுதான், லத்தீன்காரன் இலையத் தாளாக்கின மாதிரியே நம்மாளும் ஓலையத் தாளாக்கியிருக்கான், மூலச் சொல்லுக்கு விசுவாசமா இருக்கணும்னு என் தோழி ஆசைப்பட்டா அது இங்கதான் இருக்கு. பதிவேடு, குறிப்பேடு, கையேடு, நாளேடுன்னு தமிழ்ப்பள்ளிக்குப் போன எல்லாருக்கும் பழகின வரிசை, அதுல இதுவும் வந்து உக்காந்துக்கும். திரட்டேடுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, புறத்திரட்டுங்கிற பழைய பாடல் தொகுப்பு மாதிரி ஆதாரமும் அதுக்கு இருக்கு, ஆனா ஆள் திரட்டறது, நிதி திரட்டறதுன்னு இன்னிக்கு அந்தச் சொல்லு எவ்வளவு கூடுதோ அவ்வளவு நல்லதுங்கிற பக்கம் சாஞ்சிருச்சு. அதனால எனக்கு அது ரெண்டாவது இடம்தான்.

நம்ம மலேசியாவுல இன்னொரு சிக்கல் வேற. மலாய்ல ஃபோலியோன்னு ஒண்ணு இருக்கு, வரலாறு, புவியியல் பாடத்துக்கு ஒரு தலைப்பைப் பத்தித் தகவல் தேடி, படம் ஒட்டி, பைண்டிங் பண்ணிக் குடுக்கிறது. போர்ட்ஃபோலியோன்னதும் பாதிப் பிள்ளைங்க அதைத்தான் நினைச்சுக்குறாங்க, பூ பார்டர் போட்ட அட்டை ரெடி, உள்ள நெட்டுலேர்ந்து எடுத்த தகவல். அதனாலதான் "பேசாம இங்கிலீஷ் சொல்லையே வெச்சுக்கலாமே"ன்னு சொல்றவங்களை நான் ஏத்துக்கல. பேச்சுல வெச்சுக்குங்க, நானே அப்படித்தான் பேசறேன், டியூஷனுக்குத் தனிப்பயிற்சின்னு யார்கிட்டயும் நான் சொல்றதில்ல. ஆனா இந்த இடத்துல கடன்சொல்லு தெளிவைக் குடுக்கல, ஃபோலியோவோட போய்ச் சிக்கிக்குது. தூய தமிழ்ச் சொல்லுங்கிறதுக்காக மட்டும் நான் தொகுப்பேட்டுக்கு நிக்கல, செய்யவேண்டிய வேலைய அது சொல்லுது.

அந்த அறிவிப்புல கோப்புறையோட நிறுத்தியிருந்தாலும் பரவால்ல. "எழுத்து"ன்னு போட்டதைப் பார்த்துட்டு ஒரு அப்பா கையெழுத்துப் பயிற்சின்னு நினைச்சு நாலு கோடு நோட்டு வாங்கிக் குடுத்துட்டார். எழுத்தாக்கம்னு போட்டிருந்தா அந்தக் குழப்பம் வந்திருக்காது. அதைவிட மோசம், இங்கிலீஷ்ல ரிஃப்ளெக்ஷன்னு இருந்ததுக்கு "மாணவர் பிரதிபலிப்பு இணைக்கப்பட வேண்டும்"னு போட்டது. கண்ணாடியில தெரியறதுதானே பிரதிபலிப்பு, அதை எப்படிங்க இணைக்கிறது? நம்ம தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நாள் பாடத்திட்டத்துல தினம் தினம் "சிந்தனை மீட்சி"ன்னு எழுதறாங்க, செஞ்சதைத் திரும்ப நினைச்சுப் பார்க்கிறதுன்னு அர்த்தம் அதுலயே இருக்கு, இங்கேயே, இந்த நாட்டுலயே புழங்குற சொல்லு. அதை விட்டுட்டு மொழிபெயர்ப்புச் செயலியில தட்டி வந்ததை அப்படியே எடுத்து ஒட்டறாங்க. எழுதி முடிச்சப்புறம் ஒரு அம்மாகிட்ட படிச்சுக் காட்டி, "என்ன புரிஞ்சுதுங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டா போதும், இதுல பாதி வெளியவே வந்திருக்காது. அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடிச்சு என்னத்தைக் கண்டாங்க?

இதுக்கு ஏன் இவ்வளவு பேசறேன்னு கேப்பீங்க. படிவம் 5 முடிவுல எழுதற எஸ்பிஎம் பரீட்சையோட இங்கிலீஷ் எழுத்துத் தாளுல ஒன்றரை மணி நேரத்துக்குள்ள மூணு எழுதணும், 80 சொல்லுக்கு ஒரு சின்னச் செய்தி, 125லிருந்து 150க்கு ஒண்ணு, 200லிருந்து 250க்கு ஒண்ணு. எழுதினதைப் பிரிச்சுப் போட்டுத் திரும்ப எழுத அங்க ஏது நேரம்? ஒரு கட்டுரைய மூணு தடவை எழுதிப் பார்த்து, முதல் வரைவுல என்ன ஓட்டைன்னு தானே கண்டுபிடிக்கிற வாய்ப்பு பிள்ளைக்கு இந்தத் தொகுப்பேட்டுல மட்டும்தான் கிடைக்குது. அது ஃபைல் வாங்குற வேலையா முடிஞ்சு போறதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது.

அன்னிக்கு ராத்திரி அந்த அம்மாவுக்கு இப்படி எழுதி அனுப்பினேன்: "அம்மா, ஃபைல் எந்தக் கலரா இருந்தாலும் பரவால்ல. தம்பி இந்த வருஷம் எழுதினதுல நல்லதா நாலு எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் முதல்ல எழுதின வரைவையும் திருத்தி எழுதினதையும் சேர்த்து, ஏன் இந்த நாலுன்னு ஒரு பக்கம் எழுதணும். இதுக்குப் பேர் தொகுப்பேடு."

கொஞ்ச நேரம் கழிச்சு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. "அப்போ எந்த நாலுன்னு அவனேதான் முடிவு பண்ணணுமா டீச்சர்?"

ஆமாம்மா, அவனேதான்னு பதில் போட்டேன்.