சுர்ர் என்ற சத்தத்துக்கு எத்தனை மார்க்?

மைக்ரோபயாலஜி பிராக்டிகல் நடக்கிற அறையில் ஃபேன் போடக் கூடாது. பர்னர் சுடர் ஆடும், தூசி பறந்து வந்து, கிருமி வளர்க்கத் திறந்து வைத்த பிளேட்டில் உட்காரும். ஏப்ரல் மாதத்துப் புதுச்சேரியில் ஃபேன் இல்லாத அறை எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன முறை எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளராக, போயிருந்தபோது ஒரு மாணவர் கையுறை போட்ட கையாலேயே நெற்றியைத் துடைத்தார். அதே கையால் லூப்பை (கிருமியை எடுக்கும் வளையக் கம்பி) எடுத்தார், பிளேட்டில் கோடு இழுத்தார், கையுறையோடு பேனாவைப் பிடித்து விடை எழுதினார். விடை முழுக்கச் சரி. நல்ல மார்க்கும் வாங்கினார். போட்டதே நான்தான், ஏனென்றால் கையில் கொடுத்த தாளில் விடைக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது.

எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேலை, நோயாளிகளின் மாதிரிகளைக் கல்ச்சர் போட்டு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்து, ரிப்போர்ட் கொடுக்கிற லேப். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை தேர்வு நடத்தப் பஸ் ஏறி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் தாண்டிப் புதுச்சேரி போவேன். காலேஜில் மார்க் போடுவதும் நான், அதே மாதிரிப் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கு வரும்போது அவர்கள் போடும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதும் நான். நடுவில் எங்கே ஓட்டை என்று ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சில வருஷம் முன்னால் எங்கள் லேபில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தார். நல்ல மார்க், நல்ல பிள்ளை, நேரத்துக்கு வருவார். ஒருநாள் ஒரு மகப்பேறு மருத்துவர் போன் செய்தார். ஆறு மாதக் கர்ப்பிணி, சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய, ஆனால் கல்ச்சர் ரிப்போர்ட்டில் குறிப்பிடும்படியான வளர்ச்சி இல்லை என்று வந்திருக்கிறதே, எப்படி என்று கேட்டார். மாதிரியை மறுபடி வாங்கினோம். இந்த முறை நான் அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

லூப்பைச் சுடரில் காட்டினார், கம்பி செக்கச்செவேலென்று ஆனது. சரி. எடுத்தார், நேராகச் சிறுநீரில் விட்டார். சுர்ர்.

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவருக்கு அது கேட்கவே இல்லை, பழகிப்போயிருந்தது. சிறுநீர்க் கல்ச்சருக்கு நாங்கள் பயன்படுத்தும் லூப் அளவு வைத்துச் செய்தது, ஒரு முறைக்கு 0.001 மில்லி மட்டும் எடுக்கும். பிளேட்டில் 100 காலனி (கிருமி பெருகித் தெரியும் புள்ளி) வளர்ந்தால் ஒரு மில்லியில் 1,00,000 கிருமி என்று கணக்கு. கம்பி ஆறாமல் விட்டால் அந்தத் துளியில் கொஞ்சம் ஆவியாகும், கிருமி கொஞ்சம் வெந்து சாகும். நூறு காலனி வர வேண்டிய இடத்தில் பத்து வந்தால் கணக்கு 10,000 ஆகிவிடும், ரிப்போர்ட்டும் ஆளே மாறிவிடும். கர்ப்பிணிகளுக்குச் சிறுநீர்த் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் அது சிறுநீரகம் வரை ஏறலாம், குறைமாதப் பிரசவத்திலும் கொண்டுபோய் விடலாம். அத்தோடு அந்தச் சுர்ர் சத்தத்தில் தெறிப்பது கண்ணுக்குத் தெரியாத துளிகள், அதைப் பக்கத்தில் நிற்பவர் மூச்சில் இழுப்பார்.

ஆறவிட்டு எடுக்கச் சொன்னேன். பத்துப் பதினைந்து வினாடிதான். மறுநாள் காலை பிளேட்டில் எண்ணி மாளவில்லை, ஈ. கோலை என்ற கிருமி.

“காலேஜ்ல இத யாருமே சொல்லல மேம்,” என்றார், கண்ணில் தண்ணீரோடு. சொல்லியிருப்பார்கள். அவருடைய ரெக்கார்டு நோட்டில்கூட ‘லூப்பை ஆறவிட வேண்டும்’ என்று அவர் கையெழுத்திலேயே இருக்கும். அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நம் பிராக்டிகல் தேர்வு எப்படி நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ‘25 வயதுப் பெண், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல்’ என்று ஒரு சீட்டு, கூடவே வளர்ந்த ஒரு பிளேட். மாணவர் கிராம் ஸ்டெயின் (கிருமிகளை ஊதா, சிவப்பு என்று பிரித்துக் காட்டும் சாயமுறை) போட்டு, கேட்டலேஸ், ஆக்சிடேஸ் என்ற சோதனைகளைப் பார்த்து, டியூப்களைப் படித்து, இன்ன கிருமி என்று எழுத வேண்டும். அப்புறம் ஸ்பாட்டர் (வைத்திருப்பதைப் பார்த்து அடையாளம் சொல்வது), வைவா (வாய்மொழித் தேர்வு). காகிதத்தில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்வுக்கு வரக்கூடிய கிருமிகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான் என்று சீனியர்கள் முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். பிளேட்டில் பச்சை கசிந்தால் சூடோமோனாஸ், சளி மாதிரி கொழகொழவென்று இருந்தால் கிளெப்சியெல்லா. பிளேட்டைப் பார்த்த உடனே விடை தெரிந்துவிடும். அதற்கேற்ற மாதிரி கிராம் ஸ்டெயின் முடிவை எழுதினால் போதும்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒருமுறை ஒரு மாணவரின் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன், மங்கலாகவே இருந்தது. ஸ்லைடை எடுத்துப் பார்த்தால் ஸ்மியர் (மாதிரியைத் தேய்த்த படலம்) இருந்த பக்கம் கீழே! ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் அதைத் தெளிவாகப் பார்க்கவே முடியாது. தாளில் மட்டும் ‘கிராம் நெகட்டிவ் பேசில்லை’, அதாவது சிவப்பாகத் தெரியும் கோல் வடிவக் கிருமிகள், என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார், படமும் வரைந்து சிவப்புப் பென்சிலால் நிறம் தீட்டியிருந்தார். படம் உண்மையிலேயே அழகாக இருந்தது.

கிராம் ஸ்டெயின் 1884-ல் வந்தது. அதில் செய்முறை தெரிகிறதா என்று கண்டுபிடிக்கும் இடம் ஒன்றே ஒன்று, நிறத்தைக் கழுவும் கட்டம். அசிட்டோன் என்றால் இரண்டு மூன்று வினாடி போதும், கூடினால் ஊதாவாக நிற்க வேண்டிய ஸ்டெஃபைலோகாக்கஸ் சிவந்துபோகும். ஸ்மியர் தடிமனாக இருந்தால் அதே இரண்டு வினாடி பற்றாது. அந்த நேரத்தில் நான் மாணவரின் கண்ணைப் பார்ப்பேன். கண் கடிகாரத்தில் இருந்தால் மனப்பாடம். ஸ்லைடிலிருந்து வழிகிற நிறத்தில் இருந்தால் கை பழகியிருக்கிறது. அதேபோல ஸ்மியரைச் சூடு காட்டியதும் சிலர் ஸ்லைடைப் புறங்கையில் தொட்டுப் பார்ப்பார்கள், தாங்குகிற சூடுதானா என்று. அதைப் பார்த்தாலே எனக்குப் பாதி நிம்மதி வந்துவிடும்.

ஆக்கபூர்வமாக ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஹார்டன் குழுவினர் கொண்டுவந்த நிலையம் நிலையமாகப் போகும் தேர்வுமுறையை நம் ஊரில் ஆஸ்பி என்ற பெயரில் பல கல்லூரிகள் நடத்துகின்றன. மணி அடித்ததும் அடுத்த மேஜைக்குப் போக வேண்டும், ஒவ்வொரு மேஜையிலும் ஒரு வேலை, கையில் பட்டியலோடு ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். 2019-ல் மருத்துவப் படிப்புக்கு வந்த புதிய பாடத்திட்டத்திலும் கிராம் ஸ்டெயின், காசநோய்க் கிருமிக்கான ஸ்டெயின் எல்லாம் மாணவர் தானே செய்து காட்ட வேண்டிய திறன்கள்தான். முறையில் குறையில்லை. பட்டியலையும் ஏமாற்றலாம் என்பதுதான் சிக்கல். “இப்போ கை கழுவுறேன் மேம்,” என்று சொல்லிக்கொண்டே காற்றில் கையைத் தேய்க்கிறார்கள், பட்டியலில் ஒரு டிக் விழுகிறது. இருபது டிக்கில் பதினெட்டு வாங்கிய பிள்ளைக்கு விட்டுப்போன இரண்டில் ஒன்று ஸ்லைடில் நோயாளியின் எண்ணை எழுதுவது என்றால் அந்தப் பதினெட்டால் என்ன பிரயோஜனம்? என்னைக் கேட்டால் எண் எழுதுவது, லூப்பைச் சுடுவது, ஆறவிடுவது, வேலை முடிந்ததும் மறுபடி சுடுவது, இந்த நான்கில் எது விட்டாலும் அந்த மேஜையில் மார்க் கிடையாது என்று வைக்க வேண்டும். கடுமை என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

இன்னொன்று செய்து பார்த்தேன். கிருமியே இல்லாத ஒரு ஸ்மியரைக் கிராம் ஸ்டெயின் போட்டு, மற்ற ஸ்லைடுகளோடு கலந்து வைத்தேன். பாதிக்கு மேல் ஏதோ ஒரு கிருமியின் பெயரை எழுதிவிட்டார்கள். சாயத்தின் படிவுகள் சிலருக்கு உருண்டைக் கிருமிகளாகத் தெரிந்திருக்கின்றன. ‘ஒன்றும் இல்லை’ என்பது ஒரு விடையாக இருக்கலாம் என்று நாம் அவர்களுக்குக் காட்டியதே இல்லை, அதனால் கோபம் வரவில்லை. லேபிலோ தினமும் அதிகமாக எழுதுவது அந்த விடையைத்தான். அடுத்த தேர்வில் எச்சிலை மட்டும் துப்பிக் கொடுத்த சளி மாதிரியின் ஸ்லைடை வைத்தேன், சீழ் அணுக்கள் அரிது, வாய்த் தோல் செல்கள்தான் நிறைய. ‘மாதிரி சரியில்லை, மறுபடி வாங்கவும்’ என்று இரண்டே பேர் எழுதினார்கள். அவர்கள் மற்ற எல்லாவற்றிலும் சுமார்தான், ஆனால் நாளைக்கு என் லேபுக்கு யார் வேண்டும் என்று கேட்டால் அந்த இருவரைத்தான் சொல்வேன்.

காசநோய் ஸ்லைடில் நேரமே காட்டிக்கொடுத்துவிடும். நெகட்டிவ் என்று எழுதுமுன் 100 ஃபீல்டு (லென்ஸில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம்) நகர்த்திப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து அரை நிமிஷத்தில் ‘நெகட்டிவ்’ என்று எழுதி எழுந்தால், விடை சரியாகவே இருந்தாலும் அவர் பார்க்கவில்லை என்று பொருள்.

2022 ஜூலையில் காரைக்காலில் வாந்தி பேதி பரவி, காலரா உறுதியாகி, புதுச்சேரி அரசு அங்கே பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது நினைவிருக்கும். காலராக் கிருமி எரிநட்சத்திரம் மாதிரி விருட்டென்று பாயும். துளியைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, அதன் விளிம்பைத் தேடிப் பிடித்து, வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கத் தெரிந்தால் அந்தப் பாய்ச்சல் தெரியும். உறுதி செய்யக் கல்ச்சர் வேண்டும், ஆனால் முதல் சந்தேகம் சில நிமிஷத்தில் வந்துவிடும். தேர்வில் இதே ஹேங்கிங் டிராப் மேஜையில் பலர் வெளிச்சத்தை முழுக்க வைத்துக்கொண்டு வெறும் வெள்ளையைப் பார்த்துவிட்டு ‘அசைகிறது’ என்று எழுதுகிறார்கள். துளி ஒரு பக்கமாக ஓடும்போது எல்லாம் சேர்ந்து மிதப்பதையும் அசைவு என்கிறார்கள்.

“இப்பத்தான் எல்லாத்துக்கும் மெஷின் வந்தாச்சே மேம்?” என்று வைவாவில் ஒரு பையன் திருப்பிக் கேட்டான். நல்ல கேள்விதான். வந்துவிட்டது, எங்களிடமும் இருக்கிறது. அதற்குள் போகும் கிருமிக் கரைசலைக் கலப்பது யார்? இரண்டு காலனி கலந்துபோனதை எடுத்துப் போட்டால் மெஷின் ரொம்ப நம்பிக்கையாக ஒரு பெயர் அச்சடித்துக் கொடுக்கும். நோயாளியின் தோலைச் சரியாகத் துடைக்காமல் ரத்தம் எடுத்தால் தோலில் இருந்த கிருமியை ரத்தத்தில் இருப்பதாகக் காட்டும். மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளக்கும் ஆன்டிபயாட்டிக் சோதனைக்குக் கரைசல் அடர்த்தியாகப் போய்விட்டால் வட்டம் சுருங்கி, வேலை செய்யும் மருந்தைக்கூட வேலை செய்யாது என்று நாமே எழுதிவிடுவோம்.

ஒரு நாளைக்கு முப்பது பேர் என்றால் ஒவ்வொருவர் கையையும் எப்படிப் பார்ப்பது என்று துறைத்தலைவர்கள் கேட்பது நியாயம். தேர்வு நாளில் முடியாது. அன்றைக்குக் கை நடுங்கும் வேறு, எக்ஸ்டர்னல் முதுகுக்குப் பின்னால் நின்றால் எனக்கும் நடுங்கும். வருஷம் முழுக்க, வாரத்துக்கு ஐந்து பேர், ஒருவருக்கு ஐந்து நிமிஷம், ஒரே ஒரு வேலை. பார்ப்பவர் பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. லேப் அட்டெண்டர் அண்ணனைக் கேட்டால், யார் பிளேட்டில் எப்போதும் பூஞ்சை வரும், யார் லூப்பைச் சுடாமல் வைத்துவிட்டுப் போவார் என்று பெயர் சொல்லிவிடுவார். அவரை யாரும் கேட்பதில்லை.

போன தேர்வில், தாளில் இடமில்லாததால், ஒரு மாணவியின் மார்க்குக்குப் பக்கத்து ஓரத்தில் ‘லூப் ஆறவில்லை, இரண்டு முறை’ என்று எழுதினேன். நான்கு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து போன். “மேடம், இத எந்தக் கட்டத்துல சேக்கணும்?”

“கட்டம் இல்ல சார். அதனாலதான் ஓரத்துல எழுதினேன்.”

“அப்ப அடிச்சிடட்டுமா?”

அடிக்க வேண்டாம், அந்தப் பிள்ளையிடம் காட்டுங்கள் என்றேன். பார்க்கிறோம் என்று வைத்துவிட்டார்.