9990ஆம் போர்ட் ஏன் திறப்பதில்லை?

வைல்ட்ஃப்ளை என்னும் ஜாவா அப்ளிகேஷன் சர்வரில், பயனர்கள் காணும் செயலி வழக்கமாக 8080ஆம் போர்ட்டிலும், சர்வரின் அமைப்புகளை மாற்றவும் அதனை நிறுத்தவும் உதவும் நிர்வாக இடைமுகம் 9990ஆம் போர்ட்டிலும் இயங்குகின்றன. சிங்கப்பூரின் பொங்கோலில் வீட்டிலிருந்து பணிபுரியும் ஒரு பொறியாளருக்கு, ஜூரோங் தரவு மையத்திலுள்ள சர்வரின் செயலி ஒழுங்காகத் திறந்து, நிர்வாகத் திரை மட்டும் திறக்காமல் போவது புதிராகத் தோன்றலாம். இரண்டும் ஒரே ஜாவா நிரலுக்குள் இருந்தாலும், நெட்வொர்க்கைப் பொறுத்தவரை அவை தனித்தனி வாசல்கள்.

இணைப்பு எந்த விதத்தில் தோற்றது என்பதே முதல் தடயம். கணினிகள் ஒன்றோடொன்று இணைய வகுக்கப்பட்ட டிசிபி விதிப்படி உலாவி முதலில் 'சின்' என்ற சிறு பாக்கெட்டை, அதாவது தரவுப் பொட்டலத்தை, அனுப்புகிறது. அந்த முகவரியில், அந்தப் போர்ட்டில் எந்த நிரலும் காத்திருக்கவில்லை என்றால், மறுமுனையிலுள்ள இயங்குதளம் உடனே 'ரீசெட்' பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்ற செய்தி நொடியில் வந்து நிற்கும். கெட்ட செய்திதான்; ஆனால், பாக்கெட் பெரும்பாலும் சர்வர் வரை சென்று சேர்ந்திருக்கிறது என்பதும் அதிலிருந்தே தெரிகிறது. மாறாக, வழியில் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் பாக்கெட்டை ஓசையின்றிக் கைவிட்டால் பதிலே வராது. லினக்ஸ் இயல்பாக ஆறு முறை மீண்டும் அனுப்பிப் பார்க்கும். காத்திருப்பு 1, 2, 4 விநாடிகள் என இரட்டித்துக்கொண்டே 64 வரை போவதால், அது முழுமையாகக் கைவிட 127 விநாடிகள் பிடிக்கும்; லினக்ஸின் மையநிரலான கர்னலின் அண்மைப் பதிப்புகளில் முயற்சிகளின் இடைவெளியும் இந்நேரமும் சற்று மாறுபடும். அமேசான் மேகச் சேவையின் சிங்கப்பூர் வட்டாரத்தில், செக்யூரிட்டி குரூப் என்ற அனுமதி விதித்தொகுப்பு அனுமதிக்காத போர்ட்டும் இப்படித்தான் இழுத்தடிக்கும்.

உடனடி மறுப்புக்கு நான் முதலில் சந்தேகிப்பது, சர்வர் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்பதையே. நிர்வாக இடைமுகத்தைக் கைப்பற்றியவர் சர்வரில் தம் விருப்பப்படி எந்த நிரலையும் ஏற்றிவிட முடியும் என்பதால், அது இயல்பாக 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டுமே காத்திருக்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. சர்வரைத் தொடங்கும்போது '-பி' (-b) என்ற விருப்பத்துடன், எல்லா முகவரிகளையும் குறிக்கும் 0.0.0.0 என்று கொடுப்பவர்கள், எல்லா வாசல்களும் வெளியே திறந்துவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். அது செயலியின் வாசலை மட்டுமே மாற்றும். நிர்வாக வாசலுக்கு '-பிமேனேஜ்மென்ட்' (-bmanagement) என்று வேறொரு விருப்பம் இருக்கிறது. காத்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் லினக்ஸின் 'எஸ்எஸ்' (ss) கட்டளையை இயக்கினால், 0.0.0.0:8080 என்ற வரிக்கு அருகிலேயே 127.0.0.1:9990 என்ற வரியும் தென்படும். நிரலைத் தனியறைபோல் பிரித்து ஓட்டும் டாக்கர் கண்டெய்னருக்குள் 127.0.0.1 என்பது அந்தக் கண்டெய்னரையே குறிப்பதால், போர்ட்டை வெளியே இணைத்துக் கொடுத்தாலும் பயனில்லை. ஒரே கணினியில் இரண்டாவது சர்வரை எல்லாப் போர்ட் எண்களோடும் 100ஐக் கூட்டும் போர்ட் ஆஃப்செட்டுடன் ஓட்டினால், நிர்வாக வாசல் 10090க்கு நகர்ந்துவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முகவரியை 0.0.0.0 என்று மாற்றுவது எளிது, ஆனால் விவேகமன்று. மறையாக்கப்பட்ட தொலை இணைப்பான எஸ்எஸ்எச் வழியே சுரங்கம் அமைத்தால், இணைப்பு சர்வருக்குள்ளிருந்தே 127.0.0.1ஐ வந்தடையும், ஃபயர்வாலில் 9990ஐத் திறக்க வேண்டியதில்லை. அப்போதும் கட்டளைக் கருவி கடவுச்சொல் கேட்பது பிழையன்று. சர்வர் இருக்கும் கணினியிலேயே அக்கருவியை இயக்கினால், சர்வர் எழுதிவைக்கும் ஒரு தற்காலிகக் கோப்பைப் படித்துக்காட்டி அது உள்ளே நுழைந்துவிடும். சுரங்கத்தின் இம்முனையில் பொங்கோல் வீட்டிலுள்ள மடிக்கணினியால் அந்தக் கோப்பைப் படிக்க முடியாது. எனவே சர்வரில் முன்கூட்டியே ஒரு நிர்வாகப் பயனரைச் சேர்த்திருக்க வேண்டும்.