லைன் நிற்கக் கூடாதென்று யார் சொன்னது?

சென்ற வாரம் ஒரு மெஷின் ஷாப்பில் இருந்தேன். லைனின் தலைக்கு மேலே, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் ஆண்டான் கயிறு ஓடுகிறது. கோளாறு கண்ணில் பட்டால் ஆபரேட்டர் இழுக்க வேண்டிய கயிறு. நான்காவது ஸ்டேஷனில் அதைத் தூக்கித் தூணோடு சேர்த்து, கேபிள் டை போட்டு இறுக்கியிருந்தார்கள். "டிராலி போறப்ப தட்டுது சார், சும்மா சும்மா விளக்கு எரியுது" என்றார் சூப்பர்வைசர். கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெயும் தூசியும் கலந்து விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. பல மாதமாக ஒரு கையும் படாத கயிறு.

என்னைக் கூப்பிட்டது கயிற்றுக்காக இல்லை. அதே லைனில் 640 பீஸ் சந்தேகத்தில் முடங்கிக் கிடந்தது, அதற்காக.

நடந்தது இதுதான். ராத்திரி ஷிப்ட், ஹவுசிங் என்ற இரும்பு உறையில் போர், அதாவது துளை, போடும் சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்). இன்செர்ட் (வெட்டும் முனை) மாற்றும்போது, அது உட்காரும் பாக்கெட்டின் ஓரத்தில் பொடிச் சிப்ஸ் (உலோகச் சீவல்) ஒன்று சிக்கி, இன்செர்ட் சரியாக உட்காரவில்லை. 20 பீஸுக்கு ஒரு முறை பிளக் கேஜ் (துளையின் அளவைச் சோதிக்கும் உருளை) போட்டுப் பார்க்க வேண்டும். கோ பக்கம் உள்ளே போக வேண்டும், நோகோ பக்கம் போகக் கூடாது. இரண்டரை மணிக்கு நோகோ பாதி வரை போயிருக்கிறது. ஆபரேட்டர் தம்பி பார்த்திருக்கிறார். ஆஃப்செட்டில், அதாவது முனையின் நிலையை மெஷினுக்குச் சொல்லும் எண்ணில், கொஞ்சம் திருத்தம் கொடுத்தார், அடுத்த பீஸ் சரியாக வந்தது, ஓட்டிக்கொண்டே போய்விட்டார். ஒழுங்காக உட்காராத இன்செர்ட் ஆஃப்செட்டுக்கா கட்டுப்படும்? அளவு ஏறியும் இறங்கியும் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. காலை 7.50க்கு அசெம்பிளியில், பிரஸ்ஸில் வைத்து அமுக்க வேண்டிய புஷ் (துளைக்குள் இறுக்கமாக உட்காரும் குழாய்த் துண்டு) கட்டைவிரலால் தள்ளியதும் உள்ளே போய்விட்டது. அப்புறம்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

ஆறு பேர் இரண்டு ஷிப்ட் உட்கார்ந்து ஒன்றொன்றாகக் கேஜ் போட்டுப் பிரித்தார்கள். போர் சின்னதாக இருந்தால் இன்னொரு முறை வெட்டிக்கொள்ளலாம். பெரிதாகிவிட்டால் ஸ்கிராப்தான், வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

அந்தத் தம்பியைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன், ஏன் நிறுத்தவில்லை என்று. மறைக்கவே இல்லை. "நிறுத்தினா போர்டுல சிவப்புல எழுதணும் சார். காலையில மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் நிக்கணும்." பக்கத்தில் வந்த சூப்பர்வைசர் இன்னும் ஒரு படி மேலே போனார்: "இது லீன் லைன் சார், நிக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

லீன் என்றால் வீணைக் குறைக்கும் உற்பத்தி முறை. இந்த வருடத்தில் இதே வாக்கியத்தை நான் கேட்பது நான்காவது தடவை. நான்கு இடத்திலும் சுவரில் லீன் போஸ்டர் இருக்கிறது, தரையில் மஞ்சள் கோடு இருக்கிறது, நான்கு இடத்திலும் பழுதான பீஸ் அடுத்த ஸ்டேஷனுக்குத் தாராளமாகப் போயிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லீன் என்று நாம் சொல்லும் எல்லாவற்றுக்கும் மூலம் டொயோட்டாவின் உற்பத்தி முறை. அந்த முறைக்கும் மூலம் கார் இல்லை, தறி. ஜப்பானியக் கண்டுபிடிப்பாளர் சகிச்சி டொயோடா 1924இல் முடித்த ஜி வகைத் தானியங்கித் தறியின் பெருமைகளில் முக்கியமானது, நூல் அறுந்தால் அதுவாகவே நின்றுவிடும் என்பது. அப்படி நிற்காத தறிகள் நூல் அறுந்ததே தெரியாமல் ஓடும், கீழே பாழான துணி விழுந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கவே ஆள் வேண்டும். தானாக நிற்கிற தறிக்குக் காவல் தேவையில்லை. ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம், எது நிற்கிறதோ அங்கே போனால் போதும். இந்தத் தறியின் காப்புரிமையைத்தான் 1929இல் பிரிட்டனின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் விலைகொடுத்து வாங்கியது.

இந்தக் குணத்துக்கு ஜிடோகா என்று பெயர். ஜஸ்ட் இன் டைமும் (தேவையானதைத் தேவையான நேரத்தில் மட்டும் செய்வது) ஜிடோகாவும்தான் டொயோட்டா முறையின் இரண்டு தூண்கள். முதல் தூணைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இரண்டாவது தூணில்தான் நம் ஆட்கள் கயிற்றைக் கட்டி வைக்கிறார்கள்.

டொயோட்டா முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோவும் தறி ஆலையிலிருந்து வந்தவர்தான். 1932இல் டொயோடாவின் நூற்பு நெசவு ஆலையில் சேர்ந்து, 1943இல் கார் கம்பெனிக்கு மாறினார். தறியிடம் இருந்த அந்தப் புத்தியை அவர் மனிதர்கள் நிற்கும் லைனுக்குக் கொண்டுவந்தார். கோளாறைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் நிறுத்தலாம், நேற்றுச் சேர்ந்த பையன் உட்பட.

"அப்படின்னா எல்லாரும் இழுத்துக்கிட்டே இருப்பாங்களே சார், உற்பத்தி என்ன ஆகும்?" இது அடுத்த கேள்வி. எப்போதும் வரும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஆண்டான் என்றால் என்னவென்றே தெரியாமல் பயப்படுகிறார்கள். நகரும் அசெம்பிளி லைனில் கயிற்றை இழுத்தால் லைன் டபக்கென்று நின்றுவிடாது. முதலில் விளக்கு எரியும், ஓசை வரும், டீம் லீடர் ஓடி வருவார். அந்த ஸ்டேஷனின் எல்லைக்கோடு வரை லைன் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அதற்குள் சரிசெய்துவிட்டால் அவரே இன்னொரு முறை இழுப்பார், லைன் நிற்காமலே போய்விடும். முடியாவிட்டால்தான் கோட்டில் வந்து நிற்கும். தனித்தனி மெஷினாக இருக்கும் ஷாப்பிலும் சாரம் ஒன்றுதான்: கயிறு என்பது "யாராவது வாங்க" என்று கூப்பிடுகிற குரல். கூப்பிட்டால் யாரும் வராத இடத்தில், அல்லது வந்ததும் திட்டுகிற இடத்தில், எவன் கூப்பிடுவான்?

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் ஒரு கார் ஆலையை மூடியது. டொயோட்டாவும் அவர்களும் கூட்டாக 1984இல் அதே ஆலையில் நும்மி என்ற பெயரில் மறுபடி உற்பத்தியைத் தொடங்கினார்கள். வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. கையில் கயிற்றைக் கொடுத்தார்கள், இழுத்தால் ஓடிவர ஆளையும் வைத்தார்கள். தரத்தில் பெயர் வாங்கிய ஆலையாக அது மாறியது. ஆள் சரியில்லை என்று சொல்கிற மேனேஜர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சரி, 640க்கு வருவோம். அந்த எண் தற்செயல் இல்லை. இந்த ஷாப்பில் ஷிப்ட் 480 நிமிடம், இடைவேளை 30 போக 450. தேவை 900 பீஸ். ஆக 30 நொடிக்கு ஒரு பீஸ், அதுதான் டாக்ட் டைம். இவர்கள் "முன்கூட்டியே ஓட்டி வெச்சுக்கலாம்" என்று அதைவிட வேகமாக ஓட்டி, மிச்சத்தை டிராலியில் அடுக்கி வைத்திருந்தார்கள். சி.என்.சிக்கும் அசெம்பிளிக்கும் நடுவில் 640 பீஸ். முன்னே வந்தது முன்னே போகிறது. ஒரு பழுதான பீஸ் அந்த வரிசையைக் கடந்து அசெம்பிளிக்குப் போய்ச் சேர 640 பெருக்கல் 30 நொடி, அதாவது 320 நிமிடம். இரண்டரை மணியோடு கூட்டிப் பாருங்கள், 7.50. நடுவில் 20 பீஸ் மட்டும் இருந்திருந்தால் 2.40க்கே புஷ் வழுக்கியிருக்கும், 20 பீஸோடு போயிருக்கும். டொயோட்டா முறை சொல்லும் ஏழு வகை வீண்களில் மிகை உற்பத்தியே மோசமானது என்று ஓனோ சொன்னது இதனால்தான். மற்ற ஆறையும் அது மடியில் வைத்து மறைக்கும். டிராலி நிறைய இருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறது என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன், இந்தக் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன்.

இன்னொன்றும் பார்த்தேன். காலை ஷிப்ட் செக் ஷீட்டில் ஒரு பத்தி முழுக்க டிக். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். 20 பீஸுக்கு ஒரு முறை, பத்து நிமிட இடைவெளியில் போட்ட டிக் அப்படி வராது. நடுவில் டீ குடித்திருப்பீர்கள், எண்ணெய்க் கை பட்டிருக்கும், பேனா மாறியிருக்கும். தணிக்கையாளர்களுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள், பல பேர் பார்த்தும் பேசாமல் போகிறார்கள், அவ்வளவுதான். லாக் புக்கிலோ "ஆஃப்செட் கொடுத்திருக்கேன், பார்த்துக்கோங்க" என்ற ஒரு வரி இல்லை.

போகா-யோகே என்கிறோமே, பீஸைத் தப்பாக வைக்கவே முடியாதபடி ஃபிக்ஸ்சரில் ஒரு பின் போட்டுவிடுவது, அதற்கு முதலில் பாகா-யோகே என்றுதான் பெயர் இருந்தது. பாகா என்றால் முட்டாள். 'நான் முட்டாளா' என்று ஒரு தொழிலாளி மனம் நொந்து கேட்கப்போய், ஜப்பானியப் பொறியாளர் ஷிகெயோ ஷிங்கோ அதை மாற்றினார். போகா என்றால் கவனப் பிசகு, யாருக்கும் வருவது. காலை மீட்டிங்கில் ஒருவரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறவர்கள் பழைய பெயரிலேயே இருக்கிறார்கள்.

5எஸ் (இடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கும் ஐந்து படி முறை) பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. விருந்தாளி வருகிறார் என்று முந்தின நாள் பெயின்ட் அடிப்பது 5எஸ் ஆகாது. துடைப்பதே சோதிப்பதற்காகத்தான். அந்த இன்செர்ட் பாக்கெட்டை ஏர் அடித்து, துணியால் துடைத்துவிட்டு உட்கார வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஆனால் இதை மட்டும் கெஞ்சித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதே லைனில் மூன்றாவது மெஷினின் கதவு இன்டர்லாக்கில் (கதவு திறந்தால் மெஷினை ஓடவிடாத பூட்டு), வேறொரு கதவிலிருந்து கழற்றிய சாவி செருகியிருந்தது. கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். சிப்ஸ் சுற்றிக்கொண்டால் நிறுத்தாமலே கொக்கியை விட்டு இழுக்கலாம், 40 நொடி மிச்சம். "நிற்கக் கூடாது" என்ற அதே பேச்சு இங்கே விரலைக் கேட்கிறது. தயவுசெய்து அந்தச் சாவியைப் பிடுங்கி எறியுங்கள். சுழலும் ஸ்பிண்டில் பக்கம் கையுறையோடு போகாதீர்கள், துணி மாட்டினால் கையும் சேர்ந்து போகும். உள்ளே கை விட வேண்டிய பழுது என்றால் மெயினை அணைத்து, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையில் வையுங்கள். சூப்பர்வைசர் பையில் கொடுக்காதீர்கள், நண்பரிடமும் கொடுக்காதீர்கள்.

சூப்பர்வைசர்களே, விளக்கு எரிந்தால் நடந்து போகாதீர்கள், வேகமாகப் போங்கள். போனதும் வாயில் வரும் முதல் வார்த்தை "ஏன்" என்று இருக்க வேண்டாம், "என்ன பார்த்தீங்க" என்று கேளுங்கள். மூல காரணம் தேடும் ஐந்து ஏன்களை அப்புறம் கேட்கலாம், அதுவும் ஆளைப் பார்த்து இல்லை, மெஷினைப் பார்த்து.

ஆபரேட்டர் தம்பிகளே, தங்கைகளே, கேஜ் காட்டிய பிறகு ஆஃப்செட்டில் சமாளிக்காதீர்கள். ஓரிரு மைக்ரான் மெல்ல நகர்ந்தால் அது தேய்மானம், திருத்தம் கொடுக்கலாம். இன்செர்ட் மாற்றிய கொஞ்ச நேரத்திலேயே எகிறினால் ஏதோ தளர்ந்திருக்கிறது, நிறுத்துங்கள். சந்தேகப் பீஸைச் சிவப்புப் பெட்டியில் போடுங்கள், நல்ல பீஸ் பெட்டியின் அடியில் புதைக்காதீர்கள். கடைசியாக நல்லதென்று பார்த்த பீஸ் வரை பின்னோக்கிப் போய்ப் பிரியுங்கள்.

மேனேஜர்களுக்கு ஒன்றே ஒன்று. ஓ.இ.இ. (மெஷினின் ஒட்டுமொத்தச் செயல்திறன்) 96 சதவீதம் என்று எனக்குக் காட்டாதீர்கள். கிடைத்த நேரம் 90 சதவீதம், வேகம் 95, தரம் 99 என்றாலே பெருக்கினால் 85க்குப் பக்கத்தில்தான் வரும். 96 வருகிறது என்றால் யாரோ சைக்கிள் டைமைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கயிறு என்ன ஆயிற்று என்றால், டிராலி தட்டுகிறது என்று சூப்பர்வைசர் சொன்னது உண்மைதான். டிராலியின் ஒரு மூலையில் கம்பி ஒன்று தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. எதற்கு என்று நான்கு பேரிடம் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. மெயின்டனன்ஸ் ஆள் கட்டிங் வீலால் அறுத்துப் போட்டார், ஒரு டிராலிக்கு ஐந்து நிமிடம். அப்புறம் கேபிள் டையை வெட்டினோம். அன்று மதிய ஷிப்டில் கயிறு மூன்று முறை இழுபட்டது. ஒரு முறை கூலன்ட் குறைவு, ஒரு முறை பர் (வெட்டிய ஓரத்தில் நிற்கும் பிசிறு), ஒரு முறை நோகோ கேஜையே காணோம் என்று.