நான்கு எழுத்துக்குள் புதைந்த ஓர் ஒலி

பிரிட்டனின் பாறைக் கரைகளில் சிவந்த அலகும் சிவந்த காலுமாக ஒரு காக்கை இனம் திரியும். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'சஃப்'. எழுதும்போது முடிவில் ஓ, யூ, ஜி, எச் என்று நான்கு எழுத்து வரும். அயர்லாந்தில் ஏரியைக் குறிக்கும் சொல்லிலும் அதே நான்கு. ஆனால் அதை 'லாக்' என்கிறார்கள். குதிரையின் பின்னங்கால் மூட்டு 'ஹாக்'. மரங்களுக்கிடையே காற்று இரைவதற்கு ஒரு பழஞ்சொல் இருக்கிறது. அதை 'ஸௌ' என்பவரும் உண்டு, 'ஸஃப்' என்பவரும் உண்டு. பள்ளியில் நம்மைப் படுத்திய த்ரூ, தோ, டஃப், காஃப் எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

ஆங்கில எழுத்துமுறையே பைத்தியக்காரத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய ஆங்கிலத்தில் இவற்றில் பெரும்பாலான சொற்களின் கடைசியில் உண்மையாகவே ஓர் ஒலி இருந்தது. 'பகல்' என்பதில் வரும் ககரத்தை இன்னும் கரகரப்பாக, தொண்டையைச் செருமுவதுபோலச் சொன்னால் ஏறக்குறைய அது கிடைக்கும். ஜெர்மானியர்கள் இரவை 'நாக்ட்' என்னும்போது அந்த ஒலி இன்றும் கேட்கிறது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின், பிரெஞ்சு வழக்கில் பழகிய எழுத்தர்கள் அதற்கென ஜி, எச் இரண்டையும் சேர்த்து எழுதும் பழக்கத்தைப் பரப்பினார்கள்.

பிறகு அந்த ஒலி தேயத் தொடங்கியது. சில சொற்களில் சுவடில்லாமல் போனது. சிலவற்றில் 'ஃப்' ஆனது, அதுதான் வேடிக்கை. 'ஊ' என்று சொல்லிப் பாருங்கள், உதடு குவியும். குவிந்த உதட்டோடு தொண்டையில் காற்றை உரசினால், கேட்பவர் காதில் அது உதட்டு ஒலிபோலவே விழும். அடுத்த தலைமுறை கேட்டபடியே சொல்லப் பழகும்; உரசல் தொண்டையிலிருந்து உதட்டுக்கு இடம் மாறிவிடும். இது ஊருக்கு ஊர் வேறுபட்டது. பிசைந்த மாவுக்குப் பொதுவழக்கில் 'டோ', வடக்கு வட்டாரங்களில் 'டஃப்'. உலர்பழம் போட்டு வேகவைக்கும் 'பிளம் டஃப்' என்ற பண்டத்தின் பெயரில் அந்த வடக்கு உச்சரிப்பு தங்கிவிட்டது. 'போதும்' என்பதற்கான 'இனஃப்' சொல்லுக்கு 'இனௌ' என்று ஒரு பழைய உடன்பிறப்பும் உண்டு.

முன்னால் நின்ற உயிரொலிகளும் சும்மா இருக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கிய பெரும் மாற்றத்தில் நெடில்கள் இடம்பெயர்ந்தன. 'ஊ' என்றிருந்தது பல சொற்களில் 'அவ்' ஆனது. மரக்கிளைக்கு 'பௌ' வந்தது இப்படித்தான். 'கடினம்' என்னும் 'டஃப்', 'கரடுமுரடு' என்னும் 'ரஃப்' போன்றவற்றில் நெடில் முன்னதாகவே குறுகிவிட்டதால் அவை தப்பின. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தது 1476இல். அச்சு பரவப் பரவ எழுத்து உறைந்தது, நாக்கு மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது.

'த்ரூ'வும் 'தரோ'வும் ஆதியில் ஒரே சொல். ஒன்றுக்கு 'ஊடாக' என்றும், மற்றதற்கு 'முழுக்க' என்றும் பொருள் பிரிந்தது. பெருவழியைக் குறிக்கும் 'தரோஃபேர்' சொல்லில் மட்டும் 'தரோ'வுக்கு இன்னும் 'ஊடாக' என்றே பொருள்.

இந்தக் குடும்பத்தில் ஒரு போலியும் உண்டு: விக்கல். 'ஹிக்கப்' என்று எழுதி வந்த சொல்லில், அதுவும் ஒருவகை இருமல்தானே என்று நினைத்து, 'காஃப்' சொல்லின் எழுத்துகளை ஒட்டவைத்தார்கள். சொல்வது இன்றும் 'ஹிக்கப்' என்றுதான்.